லாங்கி அண்ணி கடலுக்கு இறங்கிய நாள்

லாங்கி என் அண்ணன் ஃபிலிபோவின் மனைவி. உபோலு தீவின் தென்கோடியில் இருக்கும் எங்கள் கடற்கரையைப் பார்ப்பதற்காகவே சமோவாவுக்கு வருகிறவர்கள் உண்டு. வெண்மணல், பவளப்பாறை வரை பச்சைத் தண்ணீர், எதிரே ஆளில்லாத ஒரு குட்டித் தீவு. அந்த மணலில் சுவரில்லாத ஓலைக் குடில்கள் போட்டு, வருகிறவர்களுக்குச் சேப்பங்கிழங்கும் மீனும் சமைத்துப் போட்டு இருவரும் பிழைத்தார்கள்.

2009 செப்டம்பரில் ஒரு காலை நிலம் குலுங்கியது. சற்று நேரத்தில் கடல் எழுந்து வந்தது. அண்ணி மேட்டுத் தோட்டத்தில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாள். மகள் பெனினா கீழே, பள்ளிக்கூடம் போகச் சீருடையில் இருந்தாள். மறுநாள் உடலாகத்தான் கிடைத்தாள்.

ஊரே மேட்டுக்குக் குடியேறியது. பிறகு அண்ணன் மட்டும் இறங்கிப்போய்க் குடில்களைத் திரும்பக் கட்டினான். அண்ணி சமைத்து அனுப்புவாள், இறங்க மாட்டாள். வீட்டில் சுவருக்குப் பதிலாகத் தொங்கும் ஓலைத் தட்டிகளில், கடல் பக்கத்துத் தட்டிகளை மட்டும் சுருட்டவே விடமாட்டாள்.

"கடல் என்ன அண்ணி பண்ணும்? அதுக்கென்ன தெரியும்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"உனக்குப் பிள்ளை இருக்கு எசெதா. நீ பேசுவ."

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆறேழு வருஷம் கழித்து நியூசிலாந்திலிருந்து கிரேம் என்பவர் வந்தார். கடல் எழுந்த அந்தக் காலையில் எங்கள் குடிலில் மனைவியைப் பறிகொடுத்தவர். பேருந்தைவிட்டு மேட்டிலேயே இறங்கி, எங்கள் வீட்டருகே ஈரப்பலா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணி சூடாகக் கொக்கோ கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"கீழ போகலையா?"

"கால் வரமாட்டேங்குது. நீங்க?"

"நானும் போறதில்ல. என் மகளும் அங்கதான் போனா."

அவர் தலை குனிந்துகொண்டார். அன்றிரவு எங்கள் வீட்டிலேயே தங்கினார். விடிந்ததும் அண்ணி இடுப்புத் துணியை இறுக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"எந்திரிங்க. ரெண்டு பேருமா போவோம். முடியலைன்னா திரும்பிடலாம்."

 என் பயத்தை மறைக்க, "என்ன அண்ணி, விடிஞ்சும் விடியாம வெள்ளைக்காரரோட கெளம்பிட்ட?" என்றேன்.

"வாயை மூடிக்கிட்டு நீயும் வா."

மணல் தொடங்கும் இடத்தில் அவள் கால் நின்றுவிட்டது. தண்ணீர் அசையாமல் கிடந்தது. அடியில் மீன்களின் நிழல்கூடத் தெரிந்தது.

"இவ்வளவு அழகா இருக்கே," என்றாள். "எப்படி மனசு வந்துச்சு இதுக்கு?"

அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கிரேம் முழங்கால் ஆழம் வரை போய், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். குடிலிலிருந்து ஓடிவந்த அண்ணன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

இப்போது குடில்களைப் பார்த்துக்கொள்வது அண்ணிதான். யார் வந்தாலும், பையை வைத்த கையோடு, பின்னால் மலைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் ஏறவைக்கிறாள்.

"குளிக்க வந்தவங்களை இப்படி வெயில்ல வாட்டுறியே!" என்பேன்.

"குளிக்கட்டும். ஓடுற வழி முதல்ல தெரியட்டும்."

முணுமுணுத்துக்கொண்டேதான் ஏறுவார்கள். மேலே போய்க் கடலைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிடுவார்கள். அண்ணியும் கொஞ்ச நேரம் அவர்களோடு நிற்பாள். பிறகு, மதியச் சமையல் கிடக்கிறது என்று முதல் ஆளாக இறங்குவாள்.