சுரண்டி எறிந்த உள்தோல்

வின்னிபெக் நகரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடமாகக் குழாய்களைச் சோதித்து வருகிறாள் லோர்னா பெட்காவ். அவளுடைய சுத்தம் ஊரறிந்தது. மேசையில் ஒரு தூசியைக் கண்டால் போதும், சண்டைக்கு வந்துவிடுவாள். அந்தச் சுத்தம்தான் அவள் காலை வாரியது.

பிளாஸ்டிக் குழாய் சீக்கிரம் நொறுங்காமலிருக்க, செய்யும்போதே அதில் ஒரு காப்பு மருந்தைச் சேர்க்கிறார்கள். குடிநீரிலிருக்கும் குளோரின் அதை மெல்ல மெல்லத் தின்றுவிடும். எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதுதான் லோர்னாவின் வேலை. பருப்பளவு துண்டு நறுக்கி, கருவிக்குள் இருநூறு டிகிரிக்குச் சூடாக்கி, ஆக்சிஜனைத் திறந்துவிடுவாள். மருந்து இருக்கும்வரை துண்டு தாங்கும். தீர்ந்ததும் திரையில் கோடு விருட்டென்று எழும்.

பிப்ரவரிக் குளிரில் டெல்பர்ட் ஹூல் ஒரு குழாய்த் துண்டை மளிகைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். வடக்கே ஒரு சின்ன ஊரில் தண்ணீர்க் குழாய் பதிக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர். மூன்று குளிர்காலமாக அவர் பதித்த குழாய்கள் வெடித்தன. ஊராட்சி அனுப்பிய துண்டைச் சோதித்து, குழாய் நன்றாக இருக்கிறது என்று லோர்னா எழுதிக் கொடுத்தாள். அப்படியானால் பதித்ததுதான் கோளாறு என்று ஊராட்சி முடிவுகட்டி, அவரைப் பனி தள்ள அனுப்பிவிட்டது.

"இன்னொரு தடவ பாத்துச் சொல்லேன், லோர்னா. நானே தோண்டி வெட்டினது."

"போன தடவையே நாப்பது நிமிஷம் தாங்குச்சு, டெல்பர்ட். கொழாய்ல ஒண்ணும் இல்ல."

"காப்பிக் கடையில ஒக்கார முடியல. 'எங்க வீட்டுப் பக்கம் மட்டும் எதையும் பொதச்சுடாதப்பா'ன்னு சிரிக்கிறானுங்க."

லோர்னா பிளேடை எடுத்து, குழாயின் உட்புறத்தில் படிந்திருந்த பழுப்பை வழக்கம்போல வழித்துக் குப்பையில் தட்டினாள்.

"அத ஏன் சுரண்டுற?"

"அழுக்கு. இருந்தா கோடு ஒழுங்கா வராது."

"தண்ணி படுறது அந்த எடத்துலதானே?"

உன் வேலையைப் பார் என்று சொல்ல வாயெடுத்தாள். குளோரின் தின்பதும் அந்த இடத்தில்தான். முகம் குப்பென்று சூடேறியது. குப்பையிலிருந்து அந்தச் சீவலை இடுக்கியால் பொறுக்கிக் கருவியில் வைத்தாள்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கோடு எழுந்துவிட்டது.

கெட்டுப்போன தோலைச் சீவி எறிந்துவிட்டு, கெடாத நடுச்சதையைச் சோதித்து இத்தனை வருடம் நற்சான்று கொடுத்திருக்கிறாள். கருவியில் ஏதோ கோளாறு என்று சொன்னால் இந்த மனிதருக்குத் தெரியவா போகிறது? அப்படி நினைத்ததே அவளுக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

"தப்பு உன்னோடது இல்ல, டெல்பர்ட். என்னோடது. உள்பக்கத்தச் சுரண்டிட்டுத்தான் எப்பவும் பாத்தேன்."

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் திரையில் எழுந்திருந்த கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எங்க ஊருக்கு மட்டுமா இப்படிப் பாத்த?"

லோர்னா அலமாரியைத் திறந்து கோப்புகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். "இருபத்தி மூணு ஊரு."

"அப்போ அங்கெல்லாம் என்ன மாதிரி ஒருத்தன் இருப்பானே."

அவர் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. தலைகுனிந்தபடியே முதல் கோப்பைப் பிரித்து, அந்த ஊராட்சியைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்தாள்.