இலையுதிர் காலமும் மூன்றாம் வகுப்புக் காலரும்

"இன்னொருத்தர் போட்ட கோட்டு மேல என் கத்தரிக்கோல் போகாது. உயிரே போனாலும் போகாது. கோடு பார்த்து வெட்டறது டெய்லர் வேலைங்க. கண்ணை மூடிட்டு வெட்டினாலும் பூவா விழணும். அதுக்குப் பேர்தான் கலை."

குடியிருப்போர் சங்கத்தின் கீழ்த்தளக் கூடத்தில், கையால் வாழ்த்து அட்டை செய்வது எப்படி என்று விளக்க வந்தவர் இப்படி முழங்கியபோது, கடைசி வரிசையில் அவருடைய மனைவி ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டடத்தில் டெய்லர் என்றால் அவள் ஒருத்திதான். கூடத்திலிருந்த தலைகள் அத்தனையும், திரும்பக் கூடாது என்று சிறிது நேரம் பாடுபட்டுவிட்டு, பிறகு திரும்பின. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த பொத்தானை எடுத்தாள்.

கலை அவரைத் தேடி வந்தது சற்றுத் தாமதமாகத்தான். பேருந்து நிலையத்தில் முன்பதிவு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஜன்னலோர இருக்கை இல்லை என்ற துயரச் செய்தியை ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லிச் சொல்லியே பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். ஓய்வு பெற்ற கையோடு, யாரோ ஒரு பெண் ஈரத் தாளில் நீலத்தை ஊற்றி வானம் செய்யும் காட்சியைக் கைபேசியில் பார்த்தார். நமக்கும் ஒரு வானம் இருக்கிறது என்ற ஞானம் அந்த நிமிடமே பிறந்துவிட்டது.

இருந்தது ஒரே ஒரு வானம்தான் என்பது பிறகு தெரிந்தது. பிறந்தநாளா, பதவி உயர்வா, பல் பிடுங்கியதா, எதுவாக இருந்தாலும் பின்னணியில் அதே நீலம் மேலிருந்து இறங்கி, பாதி வழியில் மனம் மாறி ஊதாவாகும். கட்டடத்தில் அவருக்கு 'வானம் சார்' என்று பெயர் வந்தது. அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்ட ஒரே ஆள் அவர்தான்.

செய்முறை கடுமையானது. கெட்டித் தாளைப் பலகையில் நாடா ஒட்டி விறைப்பாக்கி, தண்ணீர் பூசி, வண்ணம் விட்டு, பலகையைச் சாய்த்துப் பிடிப்பார். ஈரம் காயும்வரை வீட்டில் மின்விசிறி ஓடக் கூடாது, வியர்ப்பவர்கள் வியர்த்துக்கொள்ளலாம். அடுத்து சமையலறை உப்பை ஒரு கை அள்ளித் தூவுவார். உப்பு விழுந்த இடத்தில் நட்சத்திரம் பூக்கும். காய்ந்த பிறகு அதைத் தட்டிவிட வேண்டும் என்று கைபேசியில் பார்த்த அந்தப் பெண் சொல்லியிருந்தாள். இவருக்கு நட்சத்திரங்கள் உதிர்ந்துவிடுமோ என்று பயம், பாதி உப்பை அப்படியே விட்டுவிடுவார். மழைக்காலம் வந்ததும் அந்த அட்டைகளெல்லாம் ஈரத்தை இழுத்துக்கொண்டு அழ ஆரம்பித்தன. மேல்வீட்டு டீச்சரின் வெள்ளை அலமாரியில் ஒரு வானம் முழுசாக வழிந்து இறங்கியது. அவர் போய்ப் பார்த்து, உயிருள்ள படைப்பு அப்படித்தான் இருக்கும் என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்தார்.

போய்ப் பார்ப்பது என்பதுதான் கொடுமையே. அட்டையைக் கொடுத்ததோடு விடுகிற ஆள் இல்லை அவர். அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று தணிக்கைக்கு வருவார். இதனால் ஒவ்வொரு வீட்டிலும் அவர் அட்டை செருப்பு அலமாரிக்குப் பின்னால் தயாராக இருந்தது. அழைப்பு மணி அவர் பாணியில் இரண்டு முறை விட்டு விட்டு அடித்தால், யாராவது ஓடிப்போய் அதை டிவி பக்கத்தில் நிறுத்திவிட்டுத்தான் கதவைத் திறப்பார்கள். பல் டாக்டர் வீட்டில் ஒருமுறை அவசரத்தில் தலைகீழாக நிறுத்திவிட்டார்கள். வெகுநேரம் பார்த்தவர், இந்தக் கோணமும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

இத்தனை வானத்துக்கும் கீழே தரை ஒன்று வேண்டுமே, அது மனைவியின் தையல்தான். தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைப்பது பல வருடமாக அவள் பொறுப்பு. ஒவ்வொரு வகுப்புக்கும் முன்பாகம், பின்பாகம், கை, காலர், பாக்கெட் என்று தனித்தனியாகப் பிரவுன் பேப்பரில் பேட்டர்ன் வெட்டி, ஓரத்தில் துளைபோட்டு, நாடாவில் கோத்து, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்தாள். துணியின்மேல் அதை வைத்துச் சாக்பீஸால் சுற்றி வரைந்தால் போதும், சட்டை பாதி முடிந்த மாதிரி. பிள்ளைகள் குண்டாவதையும் ஒல்லியாவதையும் வருடா வருடம் கவனித்து, இங்கே அரை இஞ்ச் கூட்டி, அங்கே கால் இஞ்ச் குறைத்து, திருத்தித் திருத்தி வைத்தவை அவை. இந்த வருடம் பள்ளிக்குப் புதுத் தலைமையாசிரியை. திறக்கும் நாளுக்குள் துணி வராவிட்டால் ரெடிமேட் கம்பெனியிடம் போய்விடுவோம் என்று முதல் சந்திப்பிலேயே சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டாள்.

அந்தச் சமயம் பார்த்து, பேருந்து நிலைய மேலாளர் ஓய்வு பெற்றார்.

மேலாளர் தன் காலத்தில் இவருக்கு ஒரு நாள் விடுப்புகூட முகம் கோணாமல் கொடுத்ததில்லை. இருந்தாலும் கலை பழி பாராட்டாது. பெரிய அட்டையாக ஒன்று, அதில் ஒரு மரம், அந்த மரத்திலிருந்து பழுத்த இலைகள் உதிர்வதுபோல, பதவியும் அப்படித்தான் என்ற தத்துவம் தொனிக்க. வானம் தயார். தண்டு தயார். இலைக்குத் தாள்தான் அமையவில்லை. கடையில் கிடைத்த பிரவுன் பேப்பர் புதுச் செருப்பு மாதிரி பளபளத்தது. பழுத்த நிறம் வேண்டும், கை பட்டுப் பட்டு மெத்தென்று ஆகியிருக்க வேண்டும், ஆங்காங்கே மங்கலாகப் பென்சில் கோடு நரம்பு மாதிரி ஓடினால் இன்னும் விசேஷம். இப்படி ஏங்கிக்கொண்டே கதவைச் சாத்தினார். கதவுக்குப் பின்னால் இயற்கை அன்னை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

பிரிவுபசாரம் அமர்க்களமாக நடந்தது. மேலாளர் மரத்தை வாங்கிக்கொண்டு, அன்றைக்கே மகன் வீட்டுக்கு விமானம் ஏறிவிட்டார். மறுநாள் துணிக்கட்டைத் தரையில் விரித்துவிட்டு மனைவி கதவுக்குப் பின்னால் கையை விட்டாள். வெறும் ஆணிதான் தட்டுப்பட்டது.

"இங்க இருந்த பேட்டர்ன் எங்கங்க?"

"அதுவா," என்றார், பெருமையை அடக்கிக்கொண்டு, "அது மரமாயிடுச்சு."

எந்த மரம் என்று கேட்டாள். கைபேசியில் படத்தைக் காட்டினார். அவள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள், மெதுவாக ஒவ்வொரு கிளையாகப் பார்த்தாள், பிறகு சிறிதாக்கித் திருப்பிக் கொடுத்தாள். இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் வாயை மூடிக்கொண்டிருப்பான். கலைஞர், "எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அதன்பிறகு அவள் அவரிடம் பேசவில்லை. சொல்ல வேண்டியதை அடுப்பிடம் சொன்னாள், குழாயிடம் சொன்னாள். அவருக்குச் சாப்பாடு வந்தது. தட்டு வைக்கும் சத்தத்தில் ஒரு முழு வாக்கியம் இருந்தது. ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று அவருக்கும் உறைத்தது. தவறு நடந்தால் என்ன செய்வது? அட்டை செய்வதுதான்.

மன்னிப்பு அட்டை என்பது அவருக்கே புதிய துறை. திறந்ததும் ரோஜாக்கள் கூட்டமாக எழுந்து நிற்க வேண்டும் என்று தீர்மானித்தார். தாளை மெல்லிய பட்டைகளாக வெட்டி, ஊசியில் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு ரோஜாவாக ஒட்டினார். பேட்டர்னில் மிச்சம் விழுந்த துண்டுகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. அதைவிட நல்ல தாள் வீட்டில் வேறு இல்லை. வானத்தின் நடுவே 'மன்னித்துவிடு' என்று வளைத்து வளைத்து எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். கையெழுத்து மன்னிப்பைவிடச் சற்றுப் பெரிதாக அமைந்துவிட்டது.

அவள் அட்டையைத் திறந்தாள். ரோஜாக்கள் எழுந்தன. ஒன்றை மட்டும் நகத்தால் பெயர்த்தெடுத்து, சுருளைப் பிரித்து, மடியில் வைத்து நீவினாள்.

"இது மூணாம் வகுப்புக் காலர்."

அவர் அந்தத் துண்டை உற்றுப் பார்த்தார்.

"மன்னிப்புக் கேக்கறதுக்கும் என் காலரைத்தான் வெட்டணுமா?"

இப்போதும் தப்பிக்க வழி இருந்தது. தலை குனிந்திருக்கலாம். அசடு வழிந்திருக்கலாம். அதில் அவருக்கு நல்ல பழக்கமும் உண்டு. ஆனால் அவர் உள்ளது உள்ளபடி, "அந்தத் தாளோட பதம் வேற எதுலயும் வரலை" என்றார்.

சாயங்காலத்துக்குள் அவள் தங்கை புருஷன் வண்டியோடு வந்துவிட்டான். தையல் மெஷின் படியிறங்கியது, துணிக்கட்டு இறங்கியது, கடைசியாக அவள் கிளம்பினாள். வாசலில் நின்று செருப்பு மாட்டும்போது சொன்னாள்: "திறக்கற நாளுக்குள்ள துணி போகலைன்னா அந்த வேலை நமக்கு இல்ல. அந்த வேலை இல்லன்னா நான் இங்க திரும்பி வந்து என்ன பண்ணப்போறேன்? வானத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கவா?"

மெஷின் சத்தம் கற்பனையைக் கெடுக்கிறது என்று வருடக்கணக்காகக் குறை சொன்னவருக்கு இப்போது வீடு முழுக்க அமைதி. மின்விசிறியைக் கேட்பாரில்லை, உப்பைக் கேட்பாரில்லை. பலகையைச் சாய்த்தார், நீலம் ஒரு மூலையில் குட்டையாகத் தேங்கி நின்றது. இன்னொன்று முயன்றார். அது தரையில் சிந்திய மை மாதிரி வந்தது.  பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் திரும்பி வராமலே போய்விடுவாளோ என்ற எண்ணம் வந்தபோது, அதற்கு எந்த வண்ணமும் பொருந்தவில்லை என்பதை அவர் கவனித்தார். கடைசியில் தன்னிடமிருந்த தாள்களிலேயே பெரியதை, கெட்டியானதை எடுத்து ஒரு வானத்தை எப்படியோ கரைசேர்த்தார். பூ இல்லை, இலை இல்லை. ஒட்டுவதற்குத் தாள் எடுக்கக் கை கூசியது. துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு மச்சினி வீட்டுக்குக் கிளம்பினார்.

மச்சினி மெஷினில் உட்கார்ந்தபடியே வரவேற்றாள். "பாத்து வாங்க அத்தான், எதையும் மிதிச்சிராதீங்க. செருப்போட சேத்து உங்களையும் வெளிய விட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்."

கூடத்தில் கால் வைக்க இடமில்லை. போன வருடத்துப் பழைய சீருடைகளை வீடு வீடாக இரவல் வாங்கி வந்து, தையலைப் பிரித்து, பாகம் பாகமாகப் பரப்பியிருந்தார்கள். மனைவி தரையில் மண்டியிட்டு, ஒவ்வொரு பாகத்தையும் பிரவுன் பேப்பரில் வைத்துப் புதிதாக வரைந்துகொண்டிருந்தாள். உதடுகளுக்கிடையில் குண்டூசிகள். கத்தரிக்கோல் அழுத்திய கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாள். குண்டூசியை எடுத்துவிட்டுப் பேசும் அளவுக்கு அவர் முக்கியமாகத் தோன்றவில்லை போலிருக்கிறது, குனிந்துவிட்டாள்.

அவர் சுவரோரமாக உட்கார்ந்து அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். அட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு ஒரு விளக்கவுரை வைத்திருந்தார், அதுவும் மடியிலேயே இருந்தது.

மூன்றாம் வகுப்பு வரும்போது பிரவுன் பேப்பர் தீர்ந்துவிட்டது. கடைக்கு வார விடுமுறை. பழைய செய்தித்தாளை மச்சினி நீட்டினாள். ஒரு தடவை சாக்பீஸ் ஓட்டியதுமே அது கிழிந்தது. மனைவியின் கண் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அவர் மடியில் நின்றது. கையை நீட்டினாள்.

ஆகா, என்று அவர் உள்ளம் எழுந்து நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தத் தடவை அந்திவானம்..." என்று ஆரம்பித்தார்.

அவள் அந்தி வானத்தைப் பார்க்கவேயில்லை. அட்டையைக் கவிழ்த்து, வெள்ளைப் பக்கத்தை விரலால் சுண்டி, ஒரு மூலையை மடக்கிப் பார்த்தாள். வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்தாள்.

"நல்லா கெட்டியாத்தான் இருக்கு."

அவருடைய கலையைப் பற்றி அவள் சொன்ன முதல் பாராட்டு அது. பழைய காலரை அதன்மேல் வைத்து, ஸ்கேல் பிடித்து, பென்சிலால் சுற்றி வரைந்தாள். வளைவில் மட்டும் இரண்டு தடவை திருத்தினாள். வரைந்து முடித்து, கத்தரிக்கோலை எடுக்கப் போனவள், துணி சுற்றிய கட்டைவிரல் வளையத்துக்குள் நுழையாமல் கீழே வைத்துவிட்டாள். தாளையும் கத்தரிக்கோலையும் அவர் பக்கமாகத் தள்ளினாள். அவர் முகத்தைப் பார்க்காமல் அடுத்த சட்டையைப் பிரிக்கத் தொடங்கினாள்.

"வெட்டுவீங்களா அத்தான், இல்ல கண்ணை மூடிட்டுத்தானா?" என்றாள் மச்சினி, மெஷினை நிறுத்தாமலே.

அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டார். தாளை வெளிச்சத்துக்கு நகர்த்தினார். கத்தரிக்கோலைத் திறந்து பென்சில் கோட்டின் முனையில் வைத்தவர், அப்படியே நிறுத்தி, மனைவிக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

"கோட்டு மேலயேவா, இல்ல கொஞ்சம் வெளிய விட்டா?"

"கோட்டு மேலயே. வளைவுல மெதுவா."

அவர் வெட்டத் தொடங்கினார். வளைவு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போனார்.