கிழக்கு மூலையை நான் மேடாக்கியது

1. முதல் நாள்

அன்று வயலில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

கலியமூர்த்தி. லேசர் லெவலர் வாங்கி வாடகைக்கு விடும் விவசாயிகள் குழுவுக்குத் தலைவர். எனக்குச் சம்பளம் கொடுப்பவர்.

தங்கராசு. அந்த ஒன்பது மா நிலத்தைப் பதினாலு வருஷமாகக் குத்தகைக்குச் செய்பவர். வேறு நிலம் கிடையாது.

அஞ்சம்மாள். தங்கராசுவின் மனைவி.

வேடிக்கை பார்க்க வந்த ஊர் விவசாயிகள் ஏழெட்டுப் பேர்.

நிலத்துக்காரர். அவர் சிங்கப்பூரில் இருந்தார். கலியமூர்த்தி உயர்த்திப் பிடித்த செல்லில், வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான். டிரைவர்.

நன்னிலம் பக்கம் ஒரு ஊர். வைகாசி மாதம். மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். ஆக அது மூன்று ஏக்கர்.

நான் ஏழாவது வரை படித்தவன். சொந்த ஊர் ஒரத்தநாடு பக்கம். இருபத்தாறு வருஷம் டிராக்டரும் அறுப்பு மெஷினும் ஓட்டினேன். லெவலருக்கு ஐந்து நாள் டிரெயினிங். நன்னிலம் பக்கம் லெவலரோடு போனது அதுதான் முதல் தடவை.

லெவலர் என்றால் பெரிய விஷயம் இல்லை. வரப்பு ஓரமாக முக்காலியில் டிரான்ஸ்மிட்டர் நிற்கும். அது சுற்றிச் சுற்றி லேசர் வீசும். டிராக்டருக்குப் பின்னால் பக்கெட். பக்கெட்டில் ஒரு கம்பம், கம்பத்தின் தலையில் ரிசீவர். பக்கெட் தானாக ஏறும், இறங்கும். மேட்டை வெட்டி அள்ளும், பள்ளத்தில் கொட்டும். லீவரை நான் தொட வேண்டியதில்லை. வண்டியை ஓட்டினால் போதும்.

தங்கராசு கேட்டார்: "மேல் மண்ணைச் சுரண்டிட்டா வெளைச்சல் போயிடாதா?"

"ரெண்டு அங்குலம்தாங்க. ஒரு வருஷத்துல சரியாயிடும்."

கூட்டத்தில் ஒருவர், "சுரண்டுன மண்ணைச் சிங்கப்பூருக்கு அனுப்பிடுவாங்களோ என்னவோ" என்றார்.

"யாருங்க அது? எனக்குக் கேக்குது" என்றது செல். எல்லாரும் சிரித்தார்கள்.

வயல் மூன்று பங்காக இருந்தது. நடுவில் இரண்டு வரப்பு. அவற்றை முதலில் கலைத்தேன். தங்கராசு வரப்பு இருந்த இடத்தையே பார்த்தார். தலையில் இருந்த துண்டை எடுத்து மறுபடி கட்டினார்.

நான் லெவல் எடுத்துக்கொண்டிருந்தபோது அஞ்சம்மாள் கிட்டே வந்தார்.

"டிரைவரண்ணே, கெழக்கு மூலையை மட்டும் உசத்திடாதீங்க. மழைத்தண்ணி அங்கதான் எறங்கி வடிவாய்க்காலுக்குப் போவும்."

"மட்டம்னா எல்லாம் ஒரே மட்டம்தான் தங்கச்சி. மெஷினு பாத்துக்கும்."

"மெஷினா வந்து மடை தொறக்கும்?"

வண்டி சத்தத்தில் கேட்காத மாதிரி ஏறி உட்கார்ந்துவிட்டேன். கிழக்கு மூலை அரையடி தாழ்வாக இருந்தது. சாயங்காலத்துக்குள் தூர்த்துவிட்டேன்.

2. ஆனியில் ஒரு மழை

ஆனி மாதம் ஒரு நல்ல மழை பெய்தது. கலியமூர்த்தி என்னையும் கூட்டிக்கொண்டு வயலைப் பார்க்கப் போனார்.

தண்ணீர் ஒரு விரல்கடை நின்றது. மேற்குக் கோடியிலும் அதே, கிழக்குக் கோடியிலும் அதே. கண்ணாடி வைத்த மாதிரி இருந்தது. ஊர் வந்து பார்த்தது. அங்கேயே ஐந்து பேர் அடுத்த கோடைக்குப் பேர் கொடுத்தார்கள். கலியமூர்த்தி போட்டோ எடுத்துச் சிங்கப்பூருக்கு அனுப்பினார். தங்கராசுவுக்கும் சந்தோஷம்தான். எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்தத் தண்ணீர் எப்போது போனது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. அஞ்சம்மாள் பார்த்திருக்கிறார். நாலு நாள் நின்றதாம். அவர் சொல்லி எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

3. புரட்டாசி

அந்தப் பக்கம் சம்பாவுக்குப் புழுதியில் விதைத்துவிடுவார்கள். காய்ந்த மண்ணில் விதை கிடக்கும். மழையோ ஆற்றுத் தண்ணீரோ வந்ததும் முளைக்கும். ஈரம் போதும். தண்ணீர் மேலே நின்றால் விதை மூச்சு முட்டி அழுகிப்போகும்.

தங்கராசு விதைத்த மூன்றாம் நாள் மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. மழை விட்ட காலையில் அஞ்சம்மாள் போன் செய்தார்.

"டிரைவரண்ணே, மடையை வெட்டி விட்டாச்சு. தண்ணி போவல."

"எவ்வளவு நிக்குது?"

"விரல்கடை. எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி நிக்குது. நீங்க சொன்ன மாதிரியே."

போனை வைத்துவிட்டார்.

கலியமூர்த்தியிடம் சொன்னேன். "நீ போவாத. போனா நம்ம தப்புன்னு ஆயிடும். மழைக்கு யாரு பொறுப்பு? மழைன்னு சொல்லிக்கலாம்" என்றார்.

எனக்கு அவரிடம் வாதாடத் தெரியாது. பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். மூன்று மணி நேரம் ஆனது.

என் தப்பு எனக்கு வரப்பில் நின்றதுமே தெரிந்துவிட்டது. எங்கள் பக்கம் மண் தண்ணீரைக் குடிக்கும். தண்ணீர் வரவில்லையே என்பதுதான் எங்கள் கவலை. இங்கே களிமண். ஆற்றின் கடைசி. தண்ணீர் போகவில்லையே என்பதுதான் இவர்கள் கவலை. நான் என் ஊர் வயலை இங்கே செய்து வைத்திருக்கிறேன். தண்ணீருக்குப் போகிற பக்கம் எது என்றே தெரியவில்லை. கால்வாசி மடைக்கு வந்தது. மீதி அப்படியே நின்றது.

தங்கராசு என்னைப் பார்த்தார். "தங்கச்சி தங்கச்சின்னீங்களே. இதுதான் சீரா?"

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

மண்வெட்டியால் வெட்டினால் விதை போய்விடும். அஞ்சம்மாள் ஒரு சாக்கில் களிமண்ணை நிரப்பிக் கட்டினார். அதில் கயிறு கட்டி மேற்கிலிருந்து கிழக்கே இழுத்தோம். சாக்கு போன தடம் சின்ன வாய்க்கால் ஆனது. தண்ணீர் பின்னாலேயே வந்தது. பத்தடிக்கு ஒரு தடம். நானும் தங்கராசும் மாறி மாறி இழுத்தோம். அஞ்சம்மாள் தடத்தில் விழுந்த மண்ணைக் காலால் ஒதுக்கிக்கொண்டே வந்தார். மறுநாள் மத்தியானம் வரை ஆனது.

கிழக்கே ஆறு மா முளைத்தது. மேற்கே மூன்று மா அழுகியது. அடர்த்தியாக முளைத்த இடத்தில் பிடுங்கிக் கொண்டுபோய் மேற்கே நட்டார்கள். அது பிந்திய பயிர். தேறவில்லை.

அந்த வயலில் வழக்கமாக எண்பது மூட்டை காணும். அந்த வருஷம் அறுபத்தொன்று.

4. போனில் பேசியது

அறுப்பு முடிந்ததும் சிங்கப்பூரிலிருந்து தங்கராசுவுக்குப் போன் வந்தது. விளைச்சல் பார்க்கப் போயிருந்த நான் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"இவ்வளவு செலவு பண்ணி லெவல் பண்ணியும் கொறையுதுன்னா எப்படிண்ணே? பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க? வேற ஒருத்தர் கேக்குறாரு, வர்ற வருஷம் அவருகிட்ட விட்டுப் பாக்கலாம்னு இருக்கேன்."

தங்கராசு பதினாலு வருஷம் செய்த வயல். அவர் செல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் கையை நீட்டினேன். கொடுத்தார்.

"சார், டிரைவர் பேசுறேன். அது அவரு தப்பு இல்ல. அவங்க வீட்டுல சொன்னாங்க, மூலையை உசத்தாதீங்கன்னு. நான்தான் கேக்கல. என் தப்பு."

"கலியமூர்த்தி மழைன்னு சொன்னாரே?"

"மழை எல்லா வயல்லயும்தான் சார் பேஞ்சுது."

"இன்னும் ஒரு வருஷம் அவரே செய்யட்டும். பாப்போம்" என்றார்.

கலியமூர்த்தி என்னோடு பதினைந்து நாள் பேசவில்லை. வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. வேறு டிரைவர் கிடைக்கவில்லை.

5. மறு வைகாசி

பேர் கொடுத்த ஐந்து பேரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். டீக்கடையில் ஒருவர் என்னிடமே கேட்டார். சண்டைக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஆளு தப்பா நட்டா ஆளைக் கேக்கலாம். டிராக்டர் தப்பா உழுதா டிரைவரைக் கேக்கலாம். தானா ஓடுற மெஷினு கெடுத்துட்டா யாரைக் கேக்குறது?"

"என்னைக் கேளுங்க" என்றேன்.

"கேட்டா?"

"வர்றேன்."

அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நான் மெஷின் விற்ற கடையின் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். ஒரு பக்கம் சாய்வாக மட்டம் அடிக்க முடியுமா என்று கேட்டேன்.

"டிரான்ஸ்மிட்டர்ல கிரேடுன்னு ஒரு செட்டிங் இருக்குண்ணே. யாரும் அதைத் தொடுறதில்ல. பூஜ்யத்துலயே வச்சு ஓட்டிக்கிட்டு இருக்கீங்க."

டிரெயினிங்கில் அதைக் காட்டினார்கள். இது நமக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். ஒரு வருஷப் பயிர் அந்த செட்டிங்கில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டுபோனேன். தங்கராசு வரப்பிலேயே மறித்தார்.

"வேணாம் டிரைவரு. எறங்காதீங்க. இருக்குறது இருக்கட்டும். மூலையை நான் வெட்டிக்கிறேன்."

அஞ்சம்மாள் சொன்னார்: "ஏங்க, நீங்க வெட்டுனா மூலைதான் எறங்கும். மேற்குத் தண்ணி எப்படி வரும்? அவரு ஓட்டட்டும். நான் கூட நிக்கிறேன்."

வீட்டுக்குப் போய் ஒரு டியூப் கொண்டுவந்தார். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப். உள்ளே தண்ணீர் இருக்கும். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். கோடையில் அவர் சித்தாள் வேலைக்குப் போவார். அங்கே இரவல் வாங்கி வைத்திருந்திருக்கிறார். நான் வருவேன் என்று எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

"எவ்வளவு சாய்வு வேணும் தங்கச்சி?"

கையை விரித்து அளந்து காட்டினார். "இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அரைச் சாண். ஒரு சாண் விட்டீங்கன்னா வெதை அடிச்சுக்கிட்டுப் போயிடும்."

கிழக்கு மேற்கு நானூறு அடிக்குக் கொஞ்சம் கூட. நாலரை அங்குலம். கிரேடு வைத்து ஓட்டினேன். ஒவ்வொரு ஐம்பது அடிக்கும் வண்டியை நிறுத்தச் சொன்னார். ஒரு முனையைத் தங்கராசு பிடிக்க, மறு முனையை அவர் பிடித்து, குச்சியில் அளந்தார். லேசர் சொன்னதும் டியூப் சொன்னதும் ஒரு நூல்கூட மாறவில்லை.

தங்கராசு கேட்டார்: "அப்ப டியூபே போதுமே. எதுக்கு இந்த மெஷினு?"

"டியூபு மண்ணு அள்ளுமா?" என்றார் அஞ்சம்மாள்.

தங்கராசு சிரித்தது அந்த வருஷத்தில் அன்றுதான் பார்த்தேன். டீக்கடையில் கேட்டவர் தூரத்தில் சைக்கிளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வரவில்லை. நாலாம் நாள் போன் செய்து ஆறு மாவுக்குத் தேதி கேட்டார்.

6. வேலைக்கு வருகிறவர்களுக்கு

லெவலர், ட்ரோன், இன்னும் என்ன வருமோ, அவற்றை ஓட்ட வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். விவசாயி பயப்படுகிறார், பழசை விடமாட்டார் என்று மீட்டிங்கில் பேசுவார்கள். நான் பார்த்தவர்கள் மெஷினைப் பார்த்துப் பயப்படவில்லை. கெட்டுப்போனால் இவன் வருவானா என்று பார்த்தார்கள். வந்தேன் என்று தெரிந்த பிறகு தேதி கேட்டார்கள்.

வயலில் இறங்கினால் முதலில் அந்த வயலில் மடை வெட்டுகிற ஆள் யார் என்று கேளுங்கள். அவரிடம் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேளுங்கள். சொன்னால் வண்டியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

அந்தப் புரட்டாசியிலும் மழை பெய்தது. முந்திய வருஷத்தைவிட ஒரு நாள் அதிகம். எனக்குப் போன் வரவில்லை. நானாகச் செய்தேன். "வேலையா இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்று அஞ்சம்மாள் வைத்துவிட்டார்.

தை மாதம் அறுப்பு. அறுப்பு மெஷினையும் நானே ஓட்டினேன். சாக்கு பிடித்து முடிந்ததும் சிங்கப்பூர் போனில் வந்தது. தங்கராசு ஒரு தடவை எண்ணியிருந்தார். நிலத்துக்காரர் கேட்டதும் இன்னொரு தடவை எண்ணிவிட்டுச் சொன்னார்.

எண்பத்தாறு மூட்டை.