பாதி மாப்பிள்ளையும் ஒரு எம்பியும்

ஆல்பம் அச்சுக்குப் போகும் முன் பார்க்க, பெண்ணின் அப்பா உக்குவளையிலிருந்து வந்திருந்தார். ஸ்கிரீனைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தாலி கட்டுற படத்துல மாப்பிள்ளைக்குக் கழுத்துக்குக் கீழ ஒன்னுமில்லையே தம்பி. எங்க வீட்டுக்கு முழுசாத்தானே வந்தாரு?"

கழுத்துக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அந்த வாரம் அது மூன்றாவது படம். மூன்றையும் திருத்தி சர்வரில் சேவ் பண்ணியவர், எங்கள் மாத்தளை ஸ்டூடியோவின் டிசைனர் பர்ஹான் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவன் சொந்தமா ஸ்டூடியோ போடப் போறானாம். நம்ம பேரக் கெடுக்கத்தான் இந்த வேல. கண்ணு வச்சிக்க. வெள்ளிக்கிழமையோட கணக்கத் தீத்து அனுப்பிர்றேன்."

பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சை என்னை இரண்டு முறை திருப்பி அனுப்பியது. ஆனாலும் ஸ்டூடியோவின் நெட்வொர்க்குக்கு நான்தான் டாக்டர். இப்போது போலீஸும் ஆனேன். மூன்று நாள் நானாவின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றேன். அவர் டீ குடித்தாலும் சந்தேகம், குடிக்காவிட்டாலும் சந்தேகம்.

"என்னடா, என் முதுகுல படம் ஓடுதா?" என்றார்.

"இடைவேள எப்பன்னு பாக்குறேன் நானா."

வெள்ளிக்கிழமை அவர் ஜும்மாவுக்குப் போனார். எதையாவது ஒளித்து வைத்திருப்பார் என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்து தேடினேன். ஒன்றும் இல்லை. சோதித்துப் பார்க்க நானே ஒரு பெரிய படத்தை சேவ் பண்ணினேன். சேவ் ஆகிவிட்டது என்றது மெஷின். திறந்தால் பாதிப் படம்! நானாவோ பள்ளிவாசலில்.

அப்போதுதான் நினைவு வந்தது. போன வாரம் "சேவ் ஆக நேரமெடுக்குதுடா" என்று அவர் சொன்னதால், அவர் மெஷினில் ரைட் சைஸைக் கூட்டியது நான்தான். சர்வருக்கு ஒரு தடவையில் எவ்வளவு எழுதி அனுப்புவது என்ற அளவு அது. முப்பத்திரண்டு கேபியாக இருந்ததை ஒரு எம்பி ஆக்கினேன். அதற்கு முன் என் மெஷினில் போட்டுப் பார்த்தேன், பறந்தது. என் மெஷின் சர்வரோடு வயரில் இருக்கிறது. நானாவுடையது இரண்டு சுவர் தாண்டி, இழுத்துக்கொண்டு கிடக்கும் வைஃபையில். அவ்வளவு பெரிய துண்டு போய்ச் சேருவதற்குள் நேரம் முடிந்து, மெஷின் சத்தமில்லாமல் மீதியைக் கைவிட்டுவிடும்.

பழைய அளவைப் போட்டு, அதே படத்தைப் பத்துத் தடவை சேவ் பண்ணினேன். பத்தும் முழுசு.

முதலாளி நானாவின் கணக்கைத் தீர்க்கும் கவரோடு வந்தார். "அவன் எங்க?"

"கவர எனக்குத் தாங்க முதலாளி. கெடுத்தது நான்தான்."

அவர் திட்டி முடிப்பதற்குள் நானா தொப்பியைக் கழற்றியபடி வந்து நின்றார். எல்லாம் அவருக்குக் கேட்டிருந்தது. கவர் முதலாளியின் சட்டைப் பைக்குள் திரும்பிப் போனது. தாலிப் படம் கேமரா கார்டில் பத்திரமாக இருந்ததால் நானா மறுபடி திருத்தினார், மாப்பிள்ளைக்கு உடம்பு கிடைத்தது.

இப்போது எந்த மெஷினுக்கும் முதலில் சின்ன அளவைத்தான் போடுகிறேன். இருப்பதிலேயே மோசமான லைனில் உட்கார்ந்து சோதித்த பிறகுதான் கூட்டுவது. இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் நானா சொன்னதுதான்:

"மூனு நாளா என் முதுகப் பாத்தியே, அளவக் கூட்டுறதுக்கு முந்தி ஒருக்காவாச்சும் என் நாற்காலியில உக்காந்து பாத்தியாடா?"