முடிச்சா, சிக்கலா

கல்யாணமான புதிதில் தண்டையார்பேட்டையில் குடியிருந்தோம். என் கணவர் திருவொற்றியூரில் கணக்கு வாத்தியார். வகுப்பில் இலக்கணமாகப் பேசுவார். வீட்டுக்கு வந்தால் ராயபுரத்துப் பிள்ளை.

கல்கத்தாவுக்குக் கணக்குப் போடும் இயந்திரம் வந்திருப்பதாகப் பத்திரிகையில் படித்ததிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதற்குப் புத்தி கிடையாதாம், சொன்னதை வரிசைப்படி செய்யுமாம். நமக்கு அந்த இயந்திரம் எங்கே கிடைக்கும்? அதற்குப் பதிலாக என்னை உட்கார வைத்தார்.

சணல் கயிற்றைக் கண்டபடி பின்னி, இரண்டு நுனிகளையும் சேர்த்துத் தைத்துக் கொடுப்பார். வெட்டாமல் அதை வெறும் வளையமாக்க முடிந்தால் அது சிக்கல்தான். எப்படியும் முடியாதென்றால் நிஜ முடிச்சு. பார்த்ததும் சொல்லிவிட முடியாது. அதற்கு ஒரு வழி எழுதியிருந்தார்: கயிறு கயிற்றின்மேல் ஏறும் இடங்களில் எதையாவது குறைக்க முடிந்தால் குறை, முடியாவிட்டால் ‘முடிச்சு’ என்று சொல்லி நிறுத்து.

“நீ ஒண்ணும் ரோசன பண்ணாத. எயுதினத மட்டும் செய்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை குறைக்க இடமே அகப்படவில்லை. “முடிச்சு,” என்றேன். சந்தோஷமாக டீ போடப் போனார். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒரு கண்ணியைத் தூக்கி இன்னொன்றின்மேல் போட்டேன். ஏறும் இடங்கள் கூடின. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்து, கயிறு வளையமாக விழுந்துவிட்டது.

டம்ளரோடு வந்தவர் அப்படியே நின்றார். “இன்னா பண்ண?”

“கொறைக்கறதுக்கு மின்னாடி கொஞ்சம் கூட்ட வேண்டிக்கீது.”

கோபிப்பாரென்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். “அப்ப நான் எயுதின வயிதான் தப்பு,” என்று டீயை எனக்கே கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரம், கூட்டவும் செய்யலாம் என்று வழியைத் திருத்தினார். நான் கூட்டினேன், குறைத்தேன், மறுபடி கூட்டினேன். உலையில் சோறு குழைந்தது.

“இன்னும் முடியலியா?”

“எப்ப நிறுத்தணும்னு நீங்க எயுதலியே.”

அதுதான் அவரைப் போட்டு வதைத்தது. பிரியாத கயிறு நிஜமாகவே முடிச்சா, அல்லது நாம் போதுமான அளவு முயலவில்லையா? பல மாதம் யோசித்தார். விடை கிடைக்கவில்லை.

வெகுகாலம் கழித்து, எந்தக் கயிறானாலும் முடிச்சா, சிக்கலா என்று சொல்லிவிட்டுக் கட்டாயம் நின்றுவிடும் வழி உண்டென்று வெளிதேசத்தில் ஒருவர் நிரூபித்துவிட்டதாகக் கேள்விப்பட்டார். பொறாமைப்படுவாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் காசிமேட்டுக்குப் போய்ப் பெரிய வஞ்சிர மீனாகப் பார்த்து வாங்கிவந்து, அவரே உட்கார்ந்து மசாலா தடவினார்.