உண்மை சொன்னவளுக்கு ஊசி இல்லை

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் எங்கள் ஹவுஸார்ஸ்ட், அதாவது குடும்ப டாக்டர், இருக்கும் மாடியில் வரவேற்பு மேசைக்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு ஒட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் 'டிஸ்க்ரெட்சியோன்' என்று எழுதியிருக்கும். முன்னால் நிற்பவர் தன் உடம்பைப் பற்றிப் பேசுவது பின்னால் நிற்பவர் காதில் விழக் கூடாது, அதற்காகத்தான் அந்தக் கோடு. வந்த புதிதில் இது தெரியாமல், அருப்புக்கோட்டையில் பஸ் ஏற முண்டுவதுபோல, முன்னால் நின்ற பெரியவரின் முதுகை ஒட்டி நின்றேன். அவர் திரும்பிப் பார்த்துப் பேச்சை நிறுத்திக்கொண்டார். நிறம் பார்த்து ஒதுக்குகிறார் என்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

இப்போது அந்தக் கோட்டைப் பார்த்தால் எனக்கு என் ஊர்மேல் கோபம் வருகிறது. காரணத்தை நாள் வரிசையில் சொல்கிறேன். எதையும் அப்படி எழுதிவைத்தே எனக்குப் பழக்கம்.

கொரோனாவின் இரண்டாம் அலை. தடுப்பூசிக்குப் பஞ்சம். என் தங்கை அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்டவள். பேரும் ஊரும் போடாமல் எழுது என்று அவளே சொல்லிவிட்டாள். நூற்பாலையில் வேலை. ஊசி போட்ட சீட்டு இல்லாதவர்களை மில் வேனில் ஏற்ற மாட்டோம் என்று அறிவித்துவிட்டார்கள். அந்த வைகாசியில்தான் அவளுக்கு மேகநோய் என்று தெரியவந்தது. டாக்டர்கள் சிபிலிஸ் என்பார்கள். கொண்டுவந்தவர் அவள் கணவர். பருத்தி வியாபாரத்துக்காக மாதக்கணக்கில் வெளியூரில் தங்குபவர். மதுரை டாக்டரிடம் அவரே ஒத்துக்கொண்டார். இருவருக்கும் பென்சிலின், மூன்று திங்கட்கிழமை, மூன்று ஊசி.

முதல் திங்கள் கழிந்து வந்த வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி முகாம். முந்தின நாள் தங்கை கூப்பிட்டு, அந்த ஊசி போடும்போது இந்த ஊசியும் போடலாமா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மறைக்காமல் நர்ஸிடம் கேள், மறைப்பதுதான் நம் ஊர் வியாதி என்றேன். ஏழு வருடம் இந்த நாட்டில் இருந்த திமிர் அது.

வகுப்பறையில் ஒரே மேசை, அதைச் சுற்றி ஊரே நின்றது. ஏதாவது வைத்தியம் பார்க்கிறாயா என்று நர்ஸ் கேட்க, தங்கை மதுரைச் சீட்டை நீட்டினாள். நர்ஸ் அதை வாய்விட்டுப் படித்தார்.

“ஏம்மா, இதோடயா இங்க வந்து நிக்கிற? முதல்ல இதக் குணமாக்கிட்டு வா. வயசானவுக நிக்கிறாக.”

வரிசை விலகி வழிவிட்டது. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை யாரோ துணியால் துடைத்தார்கள். நாலு ஆள் தள்ளி நின்ற கணவரிடமும் அதே கேள்வி. அதே நோய், அதே மருந்து, அதே டாக்டர். “ஒண்ணும் இல்லையே சிஸ்டர்” என்றார். புஜத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் தங்கையிடம் சொன்னார்:

“அடுத்த தடவ மைக்கு வச்சுச் சொல்லு.”

சீட்டைக் காட்டச் சொன்னது யார் என்று எங்கள் அம்மா அவளைத் துளைத்திருக்கிறார். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மறு வெள்ளிக்கிழமை எங்கள் டாக்டரம்மாவிடம் போனேன். சிபிலிஸுக்கு மருந்து எடுக்கும்போது தடுப்பூசி போடலாமா என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டேன். எனக்குத்தான் என்று நினைத்துவிட்டார். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். காய்ச்சல் இல்லையென்றால் தாராளமாகப் போடலாம், ஒன்று மற்றதைத் தடுக்காது, ஒவ்வாமை ஏதும் இருந்தால் மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும் என்றார். கணவரையும் அழைத்து வரச் சொன்னார். எனக்கில்லை, தங்கைக்கு என்றேன். அவருக்கும் இதே பதில்தான் என்றார். குரல் துளியும் மாறவில்லை.

இதைச் சொல்ல ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால், தங்கை முந்தின நாளே ஊசி போட்டுக்கொண்டுவிட்டாள். முகம் தெரியாத ஊராகப் பார்த்து, காரியாபட்டி பஸ் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் அதையும் தாண்டிப் போயிருக்கிறாள்.

“ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன்க்கா. மகராசியா இருன்னு போட்டுவிட்டாக.”

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது பென்சிலினும் முடிந்தது, மில் வேனும் ஏற்றிக்கொண்டது. பிறகு ஏன் இன்னும் பொருமுகிறாய் என்று இங்கே வீட்டில் கேட்கிறார்கள். இனி எந்த நர்ஸ் எதைக் கேட்டாலும் என் தங்கை ஒண்ணும் இல்லை என்றுதான் சொல்வாள். மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பு வீங்கியிருந்தாலும் சொல்ல மாட்டாள். அன்று அந்த வகுப்பறையில் நின்ற அத்தனை பேரும் படித்துக்கொண்டு போன பாடம் அது. பொய் சொன்னவருக்கு அதே இடத்தில் ஊசி, உண்மை சொன்னவளுக்கு இரண்டு பஸ் தள்ளி.

போன வாரம் தங்கை பேசினாள். மில்லில் கூட வேலை பார்க்கும் பெண்ணுக்கு இப்போது இதே சிகிச்சை. மஞ்சள் காமாலைக்கான தடுப்பூசியும் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்களாம். சேர்த்துப் போடலாமா என்று கேட்டாள். தாராளமாகப் போடலாம் என்றேன்.

“நர்ஸு கேட்டா என்ன சொல்லன்னு கேக்குறாக்கா.”

இங்கே டாக்டர் முன்னால் என் உடம்பின் ஒவ்வொரு சங்கதியையும் கூசாமல் சொல்கிறவள் நான். உள்ளதைச் சொல்லச் சொல் என்று நாக்கு நுனிவரை வந்தது.

“எந்த ஊரு நர்ஸு?” என்று கேட்டேன்.