அத்தைக்கு மிச்சமிருந்த நாட்கள்

அந்த ஆரஞ்சுப் பழப் பையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. நல்லூரில் என் அத்தையைப் பார்க்கச் சபைப் பாஸ்டர் கொண்டுவந்தது. அத்தை, அப்பாவின் தங்கை. கணவரை இழந்து, பனியன் கம்பெனியில் ஓட்டை, கறை பார்த்துப் பிரிக்கும் செக்கிங் வேலை செய்து தனியாக வாழ்ந்தவர். புற்றுநோய் ஈரலுக்குப் பரவிவிட்டது, இனி வைத்தியம் பயன்படாது என்று டாக்டர் அப்போதுதான் சொல்லியிருந்தார்.

அதைக் கேட்டுவந்த கையோடு அத்தை செய்த காரியம், தன் கம்பெனியில் ஹெல்பராக இருந்த ஒடிசாப் பெண் ஒருத்தியை வீட்டுக்கு அழைத்துவந்ததுதான். நிறைமாதக்காரி. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். விடுதியிலிருந்தும் வெளியேற்றிவிட்டார்கள்.

பாஸ்டர் ஜெபம் முடித்து, உள்ளறையில் படுத்திருந்தவளை எட்டிப் பார்த்தார். "சிஸ்டர், கண்ட சாமியக் கும்பிடறவள ஊட்டுல வெச்சுட்டுச் சுகம் கேட்டா ஆண்டவர் எப்படிங்க குடுப்பாரு? அவள அனுப்பீருங்க." உடன் வந்த சபைப் பெண்கள் தலையாட்டினார்கள்.

அத்தை கோபப்படவில்லை. "நான் சுகம் கேக்கலீங்க. இருக்கறது கொஞ்ச நாளுங்க. அவரு முன்னால போய் நின்னா, என்ன பண்ணீட்டு வந்தேன்னு கேப்பாருங்க. ஓட்டப் பனியனத் தனியா எடுத்து வெச்சேன்னா சொல்றதுங்க?"

அதன்பிறகு சபையிலிருந்து யாரும் வரவில்லை. பெண் குழந்தை பிறந்தது. வீங்கிய வயிற்றோடு அத்தை காலை வெயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குழந்தைக்குத் தலை நின்றபோது அத்தையால் எழ முடியாமல் போயிற்று. அவர் எடுத்த வாந்தியையும் கழித்த மலத்தையும் அந்தப் பெண்தான் முகம் சுளிக்காமல் அள்ளினாள். விடுப்பு கிடைத்தபோதெல்லாம் நானும் போய் இருந்தேன்.

அத்தை இறந்ததும் எல்லோரும் வந்துவிட்டார்கள். குளிப்பாட்ட வெந்நீர் கொண்டுவந்த ஒடிசாப் பெண்ணைச் சபைப் பெண் ஒருத்தி தடுத்தாள். "நீ தொடாத. நாங்க பாத்துக்கறோம்."

நான் குறுக்கே போய் நின்றேன். "இத்தன நாளும் அள்ளிப் போட்ட கை அவளுதுங்க. அவதான் குளிப்பாட்டோணும். நீங்க வெளிய இருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். நாங்கள் இருவருமாகக் குளிப்பாட்டினோம்.

இதெல்லாம் நடந்து சில வருடங்களாகிவிட்டன. போன ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் அத்தையைப் பற்றிப் பேசினார். அந்நியரை ஏற்றுக்கொண்ட சகோதரியாம், நம் சபை வளர்த்த சாட்சியாம். சபை முழுக்க ஆமென் சொன்னது. அவர்கள் பொய் சொல்லக்கூட இல்லை, உண்மையிலேயே மறந்திருந்தார்கள். அதுதான் தாங்க முடியாத அருவருப்பாக இருந்தது. ஆண்டவர்மேல் எனக்கு வருத்தமில்லை. பாதியில் எழுந்து நெருப்பெரிச்சல் என்ற ஊருக்குப் பஸ் பிடித்தேன்.

அந்த ஒடிசாப் பெண் இப்போது அங்கே டெய்லராக இருக்கிறாள். மகளின் பள்ளிச் சீருடையை அலசிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்தாள்.

"இன்னிக்கு சர்ச் இல்லியா அக்கா?"

"இருக்குது" என்றேன்.

எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தாள்.